மாட்டைப் படிக்கும் படிப்பு



பிளஸ் டூ பரீட்சை முடிவு வருகிற சமயத்தில் கிராமங்களுக்குப் போனால், குலைநோய்க்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்கிறவர்களைவிட, பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்கிறவர்கள்தான் எனக்கு அதிகம். அதிலே ஒரு கேள்வி வருஷா வருஷம் தவறாமல் வரும். "டாக்டர் படிப்புக்குக் கிடைக்காது போல இருக்குதுங்க. மாட்டு டாக்டர் படிப்புக்காவது போடலாமுங்களா?" என்பார்கள்.

மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டிலேயே மாட்டைப் பற்றிய படிப்புக்கு இந்த மதிப்புதான் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். 'மாடு' என்ற சொல்லுக்கே தமிழில் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. கல்வியைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவரும் அந்தச் சொல்லை அந்தப் பொருளில்தான் எடுத்தாள்கிறார். அப்படிப்பட்ட செல்வத்தைக் காப்பதற்கென்று ஒரு பட்டப்படிப்பு எப்படி வந்தது, யாருக்காக வந்தது, நம்ம தொழுவத்துக்கு எத்தனை காலம் கழித்து வந்து சேர்ந்தது என்பதை இன்றைக்குப் பார்க்கலாம். நான் பயிர்த் துறைக்காரன். இருந்தாலும் வயலையும் தொழுவத்தையும் பிரித்துப் பார்த்து விவசாயத்தைப் புரிந்துகொள்ள முடியாது, இல்லையா?

குதிரைக்காரர் தொடங்கிய பள்ளி

மாட்டு வைத்தியம் நமக்குப் புதிதல்ல. சுட்டுக்கோல் வைப்பதும், வேப்பெண்ணெய் தடவுவதும், வயிறு உப்பினால் எண்ணெய் புகட்டுவதும் வழிவழியாக வந்தவை. ஆனால் அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன தொழில். ஒரு இடத்தில் உட்கார்ந்து, உடலை அறுத்துப் பார்த்து, ஏன் எப்படி என்று கேட்டுப் படிக்கிற பள்ளிக்கூடம் உலகத்தில் எங்கேயும் நெடுங்காலம் இல்லை.

முதல் பள்ளி பிரான்சு நாட்டில் லியோன் நகரத்தில் 1762-ல் திறக்கப்பட்டது. தொடங்கியவர் கிளோட் பூர்ழெலா. அவர் வைத்தியர் இல்லை. குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் நடத்தியவர். குதிரையின் உடலமைப்பை நுணுகிப் பார்த்து நூல் எழுதியவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவையே ஒரு மாட்டுக் கொள்ளைநோய் ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. நம்ம ஊரில் அதற்கு 'வெக்கை' என்று பெயர். உழவு மாடு செத்தால் உழவு நிற்கும். உழவு நின்றால் வரி நிற்கும். அதனால்தான் பிரெஞ்சு அரசாங்கம் பள்ளிக்குப் பணம் கொடுத்தது. பள்ளி தொடங்கிய சில காலத்திலேயே மாணவர்களை நோய் கண்ட ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

ஆக, இந்தப் படிப்பு பிறக்கும்போதே அதற்கு இரண்டு முகம் இருந்தது. ஒன்று ராஜாவின் குதிரை. இன்னொன்று குடியானவனின் மாடு. இதில் எது முன்னே நின்றது என்பதுதான் பிறகு வந்த கதை முழுவதும்.

லாயத்திலிருந்து தொழுவத்துக்கு

நம் நாட்டில் வெள்ளைக்காரர் ஆட்சியில் முன்னே நின்றது குதிரைதான். பட்டாளத்துக்குக் குதிரை வேண்டும், பீரங்கி இழுக்க மாடு வேண்டும். நம்ம ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இருக்கிற பெரிய கால்நடைப் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1824-ல் அது தொடங்கியபோது பட்டாளக் குதிரைகளுக்கான பண்ணை. மாட்டுப் பண்ணையானது பிற்பாடு. 1862-ல் பூனாவில் தொடங்கிய கால்நடை மருத்துவப் பள்ளியும் ராணுவத்தை ஒட்டியதுதான்.

சர்க்காரின் கண்ணை மாட்டின் பக்கம் திருப்பியது மறுபடியும் அதே வெக்கைதான். நாட்டில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்ததால் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். ஹாலன் என்கிற ராணுவக் கால்நடை மருத்துவர் அதிலே முக்கியமானவர். 1871-ல் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கல்லூரிகள் வந்தன. லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893, நம்ம சென்னையில் 1903.

அதற்கு முன்னாலேயே, 1876-ல், சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளி இருந்தது. அங்கே கால்நடைப் பாடமும் உண்டு. ஆனால் கால்நடைக்கென்றே தனிக் கல்லூரி என்று வந்தது 1903 அக்டோபர் 1-ந் தேதி, வேப்பேரியில். டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். படித்து முடித்தவர்களுக்குக் கொடுத்தது பட்டம் அல்ல, பட்டயம். 'ஜி.எம்.வி.சி.' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். ஜில்லா போர்டு ஆஸ்பத்திரிகளிலும் தாலுகாக்களிலும் வேலை பார்த்த பழைய மாட்டு டாக்டர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நினைக்கலாம். பட்டயம் என்றால் தொழில் தெரிந்தவர். பட்டம் என்றால் அந்தத் தொழிலுக்கு ஒரு விஞ்ஞானம் இருக்கிறது என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அந்த ஒப்புதல் கிடைக்க 33 வருஷம் ஆயிற்று. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வேப்பேரிக் கல்லூரியைச் சேர்த்துக்கொண்டு பி.வி.எஸ்ஸி. பட்டம் கொடுக்க முன்வந்தது. இந்தியாவிலேயே கால்நடை மருத்துவத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் முதலில் தந்தது நம்ம சென்னைதான். இது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய சேதி.

அந்தக் கல்லூரியின் வகுப்புகளில் நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் சாக்குபாய் இராமச்சந்திரன் 1950-களின் தொடக்கத்தில் அங்கேதான் பட்டம் பெற்றார். மாட்டைக் குளிப்பாட்டுவதும், தண்ணீர் காட்டுவதும், பால் கறப்பதும் பெரும்பாலும் நம்ம வீட்டுப் பெண்கள்தான். அந்தப் பெண்களுக்குப் பட்டம் வாங்க மட்டும் அவ்வளவு காலம் ஆயிற்று.

வெக்கை போன கதை

இந்தப் படிப்பு செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால், வெக்கையை ஒழித்ததைத்தான் சொல்ல வேண்டும்.

வயசான பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெக்கை வந்தால் மாட்டுக்குக் காய்ச்சல் கொதிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயெல்லாம் புண்ணாகும். பிறகு நாற்றமெடுத்த கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு போய்விடும். ஒரு தொழுவத்தில் வந்தால் ஊர் முழுக்கப் பரவும். ஆப்பிரிக்காவில் 1890-களில் இந்த நோய் மாடுகளை வாரிக்கொண்டு போனது. எத்தியோப்பியா நாட்டில் உழ மாடில்லாமல் பெரும் பஞ்சமே வந்தது.

வந்த மாட்டைக் காப்பாற்ற மருந்து கிடையாது. எத்தனை பெரிய டாக்டர் வந்தாலும் நோய் கண்ட பிறகு கையைப் பிசைய வேண்டியதுதான். அதனால் வராமல் தடுக்க வழி தேடினார்கள். 1889-ல் பூனாவில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடத்தை, 1893-ல் இமயமலை அடிவாரத்துக்கும் மேலே குமாவூன் மலையில் முக்தேசுவரம் என்ற இடத்துக்குக் கொண்டு போனார்கள். கொள்ளைநோய்க் கிருமியை வைத்து வேலை செய்கிற இடம் மாடு நிறைந்த ஊர்களை விட்டு எட்டியிருக்க வேண்டும் அல்லவா? காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் அவர்களே 1897-ல் அங்கே வந்து பார்த்திருக்கிறார். 1920-களில் அதே முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். கிருமியை ஒரு ஆட்டிலிருந்து இன்னொரு ஆட்டுக்கு என்று தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போனால், அது ஆட்டுக்குப் பழகி, மாட்டைக் கொல்லும் வீரியத்தை இழந்துவிடுகிறது. அதை மாட்டுக்குப் போட்டால் நோயை எதிர்க்கிற சக்தி மட்டும் வருகிறது. நம்ம பக்கத்தில் 1932-ல் ராணிப்பேட்டையில் ஒரு நிலையம் தொடங்கி, மாகாணத்துக்கு வேண்டிய மருந்துகளை அங்கே தயாரித்தார்கள்.

1954-ல் நாடு முழுக்க வெக்கை ஒழிப்புத் திட்டம் வந்தது. பிறகு வால்டர் பிளவ்ரைட் என்பவர் கென்யாவில் உருவாக்கிய, இன்னும் பாதுகாப்பான தடுப்பூசியும் கைக்கு வந்தது. மருந்து இருந்தால் மட்டும் போதுமா? ஐஸ் போட்ட குடுவையில் மருந்தை வைத்து, வண்டி போகாத ஊருக்கும் கொண்டு போய், மாட்டை வரிசையாக நிறுத்திப் போட வேண்டுமே! அதைச் செய்தவர்கள் வேப்பேரியிலும் மற்ற கல்லூரிகளிலும் படித்துவிட்டு வந்தவர்களும், அவர்களோடு நின்ற கால்நடை ஆய்வாளர்களும்தான். 'ஊசி போட்டால் பால் வற்றிப் போகும்' என்று மாட்டை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் போட்டார்கள்.

இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995-ல், நம்ம வட ஆற்காட்டுப் பக்கம். தடுப்பூசி நிலையம் இருக்கிற ராணிப்பேட்டைச் சீமையிலேயே கடைசி மூச்சு விட்டது அந்த நோய். அதன் பிறகு ஊசியை நிறுத்திவிட்டு, எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடிப் பார்த்தார்கள். 2006-ல் இந்தியாவுக்கு இந்த நோய் இல்லை என்று உலக அமைப்பு சான்று கொடுத்தது. 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு பூமியை விட்டே துரத்தப்பட்ட இரண்டாவது நோய் இது. முதல் பள்ளிக்கூடம் திறக்கக் காரணமாக இருந்த நோயை அந்தப் படிப்பே ஒழித்துக் காட்ட ஏறக்குறைய 250 வருஷம் ஆயிற்று.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. வெக்கையை ஒழித்தது வைத்தியம் இல்லை. நோய் வருவதற்கு முன்னால் செய்த வேலைதான்.

பட்டத்தின் இரண்டாவது பாதி

கால்நடைப் பட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'கால்நடை மருத்துவம் மற்றும் கால்நடைப் பராமரிப்பு'. பி.வி.எஸ்ஸி. அண்ட் ஏ.எச். என்கிறோமே, அந்த 'ஏ.எச்.'தான் பராமரிப்பு. முதலில் இருந்தது மருத்துவம் மட்டும்தான். இந்த இரண்டாவது பாதி தனி வழியில் வந்து சேர்ந்தது.

ஆரம்ப காலத்தில் நோய் பார்ப்பது கால்நடை மருத்துவரின் வேலை. தீவனம், இனவிருத்தி, பால் இதெல்லாம் விவசாயப் பண்ணைக்காரரின் வேலை என்று பிரிந்து கிடந்தது. ஆனாலும் நல்ல மருத்துவர்கள் அந்த வேலியைத் தாண்டினார்கள். சென்னை மாகாணக் கால்நடைத் துறையில் இருந்த டபிள்யூ. டி. கன் என்பவர் 1909-லேயே தென்னிந்திய மாட்டினங்களைப் பற்றி எழுதி வைத்தார். பிறகு லிட்டில்வுட் என்பவர் 1936-ல் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிப் பெரிய நூலே எழுதினார். காங்கேயம், உம்பளாச்சேரி, ஆலாம்பாடி, பர்கூர் என்று நம்ம மாடுகளின் லட்சணங்களை இப்படித்தான் ஏட்டில் ஏற்றினார்கள்.

1923-ல் பெங்களூரில் கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்கும் ஒரு நிலையம் வந்தது. 1927-ல் உடம்பு சரியில்லாமல் பெங்களூரில் ஓய்வெடுத்த காந்தியடிகள், அந்த நிலையத்துக்குப் போய் மாடு வளர்ப்புப் பாடம் கேட்டிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் தம்மைச் சபர்மதி விவசாயி என்று குறித்ததாகச் சொல்வார்கள். உலகமே அறிந்த பெரியவர் மாட்டைப் பற்றிப் படிப்பதைக் குறைவாக நினைக்கவில்லை. சென்னை கிண்டியில் பொறியியல் படித்த வர்கீஸ் குரியன் அவர்களும் பால்பண்ணைப் பயிற்சிக்கு முதலில் வந்தது இந்த பெங்களூர் நிலையத்துக்குத்தான். அவரும் தோழர் தலாயாவும் ஆனந்தில் எருமைப் பாலைப் பவுடராக்கிக் காட்டியது 1955-ல். 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1998 முதல் பால் உற்பத்தியில் உலகத்தில் இந்தியாதான் முதலிடம்.

சினை ஊசியும் இந்தப் பக்கத்து வரவுதான். 1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் என்பவர் இந்தியாவில் முதன்முதலாகச் செய்து காட்டினார். இன்று சினை ஊசி தெரியாத ஊர் இல்லை.

இப்படித் தனித்தனியாக ஓடிய இரண்டு வாய்க்காலும் சுதந்திரத்துக்குப் பிறகு ஒரே பட்டத்தில் சேர்ந்தன. 1984-ல் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. 1993-ல் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஒரே பட்டம் என்று விதி செய்தார்கள். நம்ம மாநிலத்தில் வேப்பேரிக் கல்லூரி 1976-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. கோழிப் பண்ணைகள் பெருகிய நாமக்கல்லில் 1985-ல் இரண்டாவது கல்லூரி வந்தது. 1989-ல் மாதவரத்தில் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. இந்தியாவிலேயே அந்த மாதிரி முதல் பல்கலைக்கழகம் அதுதான். இன்று திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று ஏழு கல்லூரிகள் அதன் கீழ் இருக்கின்றன. கோழியின உற்பத்தி, பால்வளம், உணவுத் தொழில்நுட்பம் இவற்றுக்குத் தனிப் பட்டப்படிப்புகளும் உண்டு.

என்னதான் படிக்கிறார்கள்?

கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை வருஷம். நாலரை வருஷம் பாடம், ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலும் பண்ணையிலும் கைப்பயிற்சி. முதலில் எலும்பையும் நரம்பையும் படிக்கிறார்கள். மாடு, குதிரை, ஆடு, நாய், கோழி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனுஷ டாக்டருக்கு ஒரு உடம்பு. இவர்களுக்கு ஒவ்வொரு ஜீவனுக்கும் ஒரு கணக்கு. அதிலும் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளிகள்! கூடவே தீவனம், மரபியல், கொட்டகை அமைப்பு, பிறகு கிருமி, புழு, மருந்து, அறுவை, சினைப் பராமரிப்பு, கடைசியில் பால், இறைச்சிச் சுத்தம், மனிதருக்குப் பரவும் நோய்கள் என்று போகிறது. மனிதருக்கு வருகிற தொற்றுநோய்களில் பாதிக்கு மேல் விலங்குகளோடு தொடர்புடையவை. வெறிநோய் ஒன்று போதாதா சாட்சிக்கு?

இந்தப் பட்டியலில் எத்தனை விஷயம் மாடு படுத்த பிறகு தேவைப்படுவது, எத்தனை விஷயம் அதற்கு முன்னால் தேவைப்படுவது என்று எண்ணிப் பாருங்கள். முன்னால் தேவைப்படுவதுதான் அதிகம். ஆனால் நாம் டாக்டரைத் தேடுவது எப்போது? மாடு தலையைத் தொங்கப் போட்ட பிறகு, கை வைத்தியம் எல்லாம் முடிந்த பிறகு, ராத்திரி பதினோரு மணிக்கு. ஐந்தரை வருஷப் படிப்பில் பாதியை நாம் கேட்டு வாங்குவதே இல்லை.

இனிமேல் கேளுங்கள். கறவைக்கு எவ்வளவு அடர் தீவனம் வைப்பது என்று கேளுங்கள். பொதுவாக பசுவின் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது கணக்கு, உங்கள் மாட்டுக்கு ஏற்ப அவர் திருத்திச் சொல்வார். காலையில் சினைப் பருவம் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. இந்த ஒரு கணக்கு தவறினால் மூன்று வாரத் தீனி வீணாகும். கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடும் முகாம் வந்தால் மாட்டைத் தோப்புக்கு ஓட்டிவிடாதீர்கள். 2022-ல் வடக்கே ராஜஸ்தான், குஜராத் பக்கம் தோல் கழலை நோய் எத்தனை மாட்டைக் கொண்டு போனது என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வெக்கை போனது உண்மை. ஆனால் புதுசு புதுசாக வந்துகொண்டுதான் இருக்கும்.

பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைக்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் உயிரியல் பாடம் எடுத்த, ஆடு மாட்டோடு வளர்ந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவனையோ அவளையோ முதல் விருப்பமாகவே இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சாணி வாசம் பழகிய கைக்கு அங்கே பாதிப் பாடம் தெரிந்திருக்கும். மிச்சப் பாதியைக் கல்லூரி சொல்லிக் கொடுக்கும். விண்ணப்ப விவரத்துக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். அப்படியே உங்கள் மாட்டுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.